என் ஐந்து பெட்டைகளோடு கொண்டைக்கோழி சேருமா? போலிஷா, சில்கியா, ஸ்பிட்ஸ்ஹவ்பனா?

வேலியோரம்:

வீட்டின் பின்புறம் 20 அடி நீளம், 12 அடி அகலத்தில் சுற்றிலும் வலையடித்த இடம் இருக்கிறது. பாதிக்குத் தகரக் கூரை, மீதி திறந்தவெளி. வலை ஆறடி உயரம், மேலே வலை இல்லை. மூன்று ஆண்டுகளாக அதில் ஐந்து பெட்டைகளை வளர்க்கிறேன். எல்லாம் சாதாரண முட்டைக்கோழிகள். சேவல் கிடையாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை இருக்கும் வீடு. இரவு அடையும் கூண்டில் இன்னும் நான்கு கோழிகளுக்கு இடம் இருக்கிறது. அந்த நான்கும் கொண்டைக்கோழிகளாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஒரு சொல்லை மட்டும் முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். தலையில் இருக்கும் சிவப்புச் சதையையும் கொண்டை என்கிறோம், இறகுக் குடுமியையும் கொண்டை என்கிறோம். நான் கேட்பது இறகுக் கொண்டையைப் பற்றி. சதையைப் ‘பூ’ என்று குறிப்பிடுகிறேன்.

மனத்தில் மூன்று இனங்கள் இருக்கின்றன. கறுப்பு உடம்பும் வெள்ளைக் கொண்டையுமாகப் பந்து வைத்தாற்போல் இருக்கும் போலிஷ். பஞ்சுபோல் இருக்கும் சில்கி. உடம்பெல்லாம் புள்ளியும், முன்னால் வளைந்த கொண்டையுமாக இருக்கும் அப்பென்ஸெல்லர் ஸ்பிட்ஸ்ஹவ்பன்.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் திரும்புகிறேன். பகலில் கோழிகளைப் பார்க்க ஆள் இல்லை. ஐந்தில் ஒருத்தி, செம்பழுப்பு நிறத்தவள், பெரிய அதிகாரி. அவள் தின்று முடித்து நகரும்வரை மற்ற நான்கும் தீவனத் தொட்டியை நெருங்குவதில்லை. போன முறை இறகு உதிர்ந்தபோது மற்றவற்றின் வால் குருத்துகளைப் பிடுங்கித் தின்றதையும் பார்த்தேன்.

முட்டை வாரத்துக்கு இரண்டு மூன்று கிடைத்தால் போதும். ‘அழகுக்கு வளர்க்காதே’ என்ற அறிவுரை மட்டும் வேண்டாம். அதை வீட்டிலேயே கேட்டாயிற்று.


பஞ்சுப்பந்து:

சில்கிதான். ஒன்பது சில்கி வைத்திருப்பவளிடம் வேறு என்ன பதில் வரும்?

குறையையும் மறைக்காமல் சொல்கிறேன். சில்கிக்கு முட்டையிடுவதைவிட அடையில் உட்காருவதில்தான் விருப்பம் அதிகம். பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் உட்கார்ந்துவிடும். முட்டையை எடுத்துவிட்டால் வெறும் தரையில் உட்காரும். என்னிடம் ஒருத்தி ஒரு கூழாங்கல்லின் மேல் ஒன்பது நாள் இருந்தாள், நகர்த்தப்போனால் கொத்துவாள். ஆண்டுக்கு நூறுக்குச் சற்று மேல் கிடைத்தால் நல்ல சில்கி என்று எண்ணிக்கொள்ளுங்கள். முட்டையும் சிறியது.

இறகைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் சில்கி வாங்கக் கூடாது. மற்ற கோழிகளின் இறகில் இழைகள் ஒன்றையொன்று நுண்ணிய கொக்கிகளால் பிடித்துக்கொண்டு பலகைபோல் நிற்கும். சில்கிக்கு அந்தப் பிடிப்பு இல்லை. அதனால் பறக்காது, உங்கள் ஆறடி வலையே அதற்கு மலை. ஆனால் மழையும் வழிந்தோடாது, நேராகத் தோலுக்குப் போய்விடும். நனைந்த சில்கி கசக்கிய துணிபோல் ஒரு மூலையில் நின்று நடுங்கும்; ஓடிப்போய் ஒதுங்க வேண்டும் என்ற புத்தி எல்லாவற்றுக்கும் இருப்பதில்லை. உங்களுக்குப் பாதியிடம் கூரை இருப்பது நல்லது.

இன்னொன்றை யாரும் சொல்ல மாட்டார்கள். சில்கி பெரும்பாலும் பரணில் ஏறாது, தரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து தூங்கும். உங்கள் பெட்டைகள் மேலே அடைந்தால் இரவு முழுக்க எச்சம் கீழே விழும். வெள்ளைச் சில்கி வாங்கி ஒரே கூண்டில் விட்ட முதல் வாரம், ஒவ்வொரு காலையும் நான்கு தலைகளைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தனிப் பெட்டி வைத்தேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு மீண்டும் சொல்கிறேன், சில்கியே எடுங்கள். கறுப்புத் தோலும் ஐந்து விரலும் நீலக் காதுமடலும் எந்தக் கோழிக்கு இருக்கின்றன?


மரக்கிளை:

நான் ஸ்பிட்ஸ்ஹவ்பன் வளர்க்கிறேன். அதனால்தான் உங்களுக்கு அது வேண்டாம் என்கிறேன்.

கோழியில் குறையில்லை. சுவிட்சர்லாந்தின் அப்பென்ஸெல் பகுதிக் கோழி அது. அங்கே பெண்கள் மரபுடையோடு அணியும் கூம்புத் தொப்பியை வைத்துத்தான் அதற்குப் பெயரே வந்தது. கொண்டை முன்னால் சாய்ந்து நிற்பதால் கண்ணை மறைக்காது. பருந்து நிழல் விழுந்தால் முதலில் கத்துவது அதுதான். எடை குறைவு, கால் சுறுசுறுப்பு, இரையைத் தானே தேடிக்கொள்ளும். நல்ல வெள்ளை முட்டை.

ஆனால் உங்கள் ஆறடி வலை அதற்கு ஒரு தாண்டல்கூட இல்லை. என்னுடையவை முதல் ஆண்டு கூண்டில் அடையவே மறுத்தன. மாலையானால் மரத்தில் உச்சிக்கு இரண்டு கிளை கீழே வரிசையாக உட்கார்ந்துவிடும். நான் ஏணியோடு கீழே நிற்பேன், அவை இன்னும் ஒரு கிளை மேலே போகும். மேலே வலை போட்டு அடைத்தால் பறப்பது நிற்கும், ஆனால் சலிப்பு வரும். சலித்த கோழி பக்கத்துக் கோழியின் இறகைப் பிடுங்கும். உங்களிடம் ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாள்.

திறந்த நிலம் கிடைக்கும்போது வாங்குங்கள்.


பழைய கூண்டு:

அம்மா, எந்த இனம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்குப் பதில் புதிய கோழியிடம் இல்லை, அந்தச் செம்பழுப்பியிடம் இருக்கிறது.

பதினான்கு ஆண்டுகளாகப் போலிஷ் வளர்க்கிறேன். பெயரைப் பார்த்துப் போலந்துக் கோழி என்று நினைக்க வேண்டாம். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியங்களில் இதே கொண்டையோடு நிற்கிறது. அது எங்கேயோ இருக்கட்டும். கொண்டைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஒருநாள் போலிஷ் குஞ்சை உள்ளங்கையில் வைத்துத் தலையைத் தடவிப் பாருங்கள், ஒரு கடலை அளவுக்கு மேடு தட்டுப்படும். அது வெறும் இறகு மேடு இல்லை, மண்டையோடே அங்கே புடைத்திருக்கிறது. மூளையின் ஒரு பகுதி அந்தப் புடைப்புக்குள் போய் உட்கார்ந்திருக்கும். பல போலிஷ் கோழிகளில் அந்த இடத்தில் எலும்பு முழுவதும் மூடுவதில்லை, சல்லடைபோல் ஓட்டைகள் இருக்கும். 1868இலேயே டார்வின் இந்த மண்டையோடுகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். சில்கிகளிலும் பலவற்றுக்கு இதே புடைப்பு உண்டு. பஞ்சுப்பந்து இதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

மற்ற கோழிக்குத் தலையில் ஒரு கொத்து விழுந்தால் ‘கெக்’ என்று கத்திவிட்டு ஓடும். போலிஷுக்கு அதே கொத்து உயிர் போகும் கொத்து.

எனக்கு இது தெரிந்த விதத்தைச் சொல்கிறேன். முதல் ஆண்டு, பத்து வாரம் ஆன மூன்று போலிஷ் குஞ்சுகளைப் பழைய முட்டைக்கோழிகளோடு விட்டேன். இடம் தாராளம், தீவனம் தாராளம், பத்து நாள் எந்தச் சண்டையும் இல்லை. பதினோராவது நாள் காலை ஒருத்தியின் வெள்ளைக் கொண்டையில் கடுகளவு சிவப்பு தெரிந்தது. குருத்திறகு ஒன்றை யாரோ பிடுங்கியிருக்கிறார்கள். மாலையில் பார்க்கலாம் என்று வேலைக்குப் போனேன். வெள்ளையில் ஒரு சொட்டு இரத்தம் இருந்தால் மற்ற கோழிகளின் கண் வேறெங்கும் போகாது. மாலை வந்தபோது உச்சியில் இறகே இல்லை, தோலும் பாதி இல்லை. கழுத்தை ஒரு பக்கம் திருகிக்கொண்டு வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் போய்விட்டாள். கொத்தியவள் கெட்டவள் இல்லை. எட்டு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவே அங்கே நான் இல்லை, அவ்வளவுதான். உங்கள் நேரமும் அதே நேரம் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அடுத்தது கண். நன்றாக வளர்ந்த போலிஷ் பெட்டைக்கு முன்னாலும் மேலேயும் எதுவும் தெரியாது. கீழேயும், கொஞ்சம் பக்கவாட்டிலும்தான் பார்வை. மேலிருந்து வருவது விழுந்த பிறகுதான் அதற்குத் தெரியும். உங்கள் திறந்தவெளிக்கு மேலே வலை போடாமல் போலிஷ் விட வேண்டாம். பக்கத்தில் போகும்போது பேசிக்கொண்டே போங்கள். சத்தமில்லாமல் போய்த் தொட்டால் குதித்துச் சுவரில் மோதும். ‘போலிஷ் மக்குக் கோழி’ என்பவர்கள் தங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருநாள் வாழ்ந்து பார்க்கட்டும்.

இதற்கு மருந்து கத்தரிக்கோல். கண்காட்சிக்கு விடப்போவதில்லை என்றால் ஆறு வாரத்துக்கு ஒருமுறை கண்ணைச் சுற்றி வெட்டிவிடலாம். பகலில் முயல வேண்டாம். இரவில் அடைந்த பிறகு ஒன்றை எடுத்துத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டால் இரண்டு கையும் ஓய்வாக இருக்கும். உடனே வெட்டாதீர்கள். விரலால் இறகைப் பிரித்துக் காம்பைப் பாருங்கள். முற்றிய இறகின் காம்பு வெளுத்து, காய்ந்த வைக்கோல்போல் இருக்கும். குருத்திறகின் காம்பு தடித்து, உள்ளே கருநீலமாகவோ கருஞ்சிவப்பாகவோ தெரியும். அதில் இரத்தம் ஓடுகிறது, அதை வெட்டக் கூடாது. முற்றியவற்றை மட்டும், முனை மழுங்கிய கத்தரியால், முனை கண்ணை விட்டு விலகியிருக்கும்படி பிடித்து, மூன்று மூன்று இறகாக வெட்டுங்கள். வேலை முடிந்ததும் கோழி தலையைச் சாய்த்து நம் முகத்தை உற்றுப் பார்க்கும். ‘இத்தனை நாள் சோறு போட்டது நீதானா’ என்பதுபோல் இருக்கும். அந்தப் பார்வைக்காகவே இத்தனை ஆண்டுகள் வளர்க்கிறேன் என்றும் சொல்லலாம்.

வெட்டும்போதே பேனும் பாருங்கள். இறகின் அடியில் சீனி ஒட்டியதுபோல் வெள்ளையாகத் திரண்டிருந்தால் அது பேன் முட்டை. கொண்டை அவற்றுக்கு நல்ல மறைவிடம். அதற்காக மருந்துப் பொடியைத் தலையில் கொட்டிவிட வேண்டாம், கண்ணில் விழும். தண்ணீரும் கவனம். அகன்ற பாத்திரத்தில் குடித்தால் கொண்டை நனைந்து முகத்தில் ஒட்டி, அழுக்கு சேர்ந்து கண் வீங்கும். சொட்டுக் குழாய் வைத்துவிட்டால் பாதித் தொல்லை போகும்.

ஹூடான், கிரெவ்கேர், சுல்தான் என்றெல்லாம் யாராவது ஆசை காட்டுவார்கள். ஹூடானும் கிரெவ்கேரும் பிரெஞ்சு இனங்கள், உடம்பு கனம், தாடி வேறு. சுல்தான் 1854இல் இஸ்தான்புல்லிலிருந்து இங்கிலாந்துக்குப் போனது. கொண்டை, தாடி, காலெல்லாம் இறகு. ஈர மண்ணில் அது நடந்தால் நீங்கள் நாள்தோறும் கால் கழுவிவிட வேண்டியிருக்கும். முதல்முறை கொண்டைக்கோழி வளர்ப்பவருக்கு மூன்றும் வேண்டாம்.

என் முடிவு: செம்பழுப்பியோடு ஒரே இடத்தில்தான் விடுவீர்கள் என்றால் போலிஷும் வேண்டாம், சில்கியும் வேண்டாம். க்ரீம் லெக்பார் எடுங்கள். பூவுக்குப் பின்னால் சிறு குடுமி மட்டும் இருக்கும், கண் திறந்திருக்கும், நீல முட்டை இடும், அடி வாங்கினால் திருப்பிக் கொடுக்கும். குஞ்சாக வாங்கினாலும் முதல் நாளே பெட்டை எது என்று தெரியும். முதுகில் கருமையான பட்டை தெளிவாக ஓடினால் பெட்டை, சேவல் குஞ்சு வெளிறியிருக்கும். சேவல் வைக்க முடியாத உங்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இடத்தைப் பிரிக்கத் தயார் என்றால் போலிஷ் எடுங்கள், சில்கியையும் கூடச் சேர்க்கலாம். இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று துன்புறுத்தாது.


பஞ்சுப்பந்து:

மண்டைப் புடைப்பைச் சொல்லாமல் விட்டது என் தவறுதான், ஐயா. ஆனால் கத்தரிக்கோலை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் மெல்லிய ரப்பர் வளையத்தால் கொண்டையை உச்சியில் கட்டிவிடுகிறேன். அழகும் போகாது, கண்ணும் தெரியும்.


பழைய கூண்டு:

கட்டலாம். வாரம் ஒருமுறை அவிழ்த்து மறுபடி கட்டும் பொறுமை இருந்தால் கட்டலாம். என்னிடம் ஒருமுறை வளையம் தோலில் இறுகிப் புண்ணாகிவிட்டது. அதன் பிறகு எனக்குக் கத்தரிதான்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஒரு போலிஷ் சேவல் தவறுதலாகப் பக்கத்துக் கூட்டத்துக்குள் போய், சாதாரணப் பெட்டைகளிடம் ஏழு குஞ்சுகள் பிறந்தன. கொண்டை தரும் மரபணு தாய் தந்தை இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால் கொண்டை முழுப் பந்தாக இருக்கும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் பாதிக் கொண்டைதான். அந்த ஏழுக்கும் தலைவாரி ஒதுக்கியதுபோல் அளவான குடுமி, கண்ணுக்கு மேலே நின்றுவிட்டது. மண்டையும் கிட்டத்தட்டச் சமமாகவே தட்டுப்பட்டது. இனத்தூய்மை பேசுகிறவர்கள் என்னைத் திட்டுவார்கள். என் கொட்டிலில் நீண்ட காலம் நலமாக இருந்தவை அந்த ஏழும்தான்.


வேலியோரம்:

எல்லோருக்கும் நன்றி. ஐயா எழுதியதைப் படித்த அன்று இரவு டார்ச்சோடு போய் என் ஐந்து பேரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு பேருக்கு வால் அடியில் குருத்து பிடுங்கிய காயம் இருந்தது. செம்பழுப்பிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஸ்பிட்ஸ்ஹவ்பனை விட்டுவிட்டேன். ஏணியோடு மரத்தடியில் நிற்கும் தெம்பு எனக்கு இல்லை. இடத்தைப் பிரிக்கலாம் என்று நினைக்கிறேன்: கூரை இருக்கும் பக்கத்தில் 8க்கு 12 அடி கொண்டைக்காரர்களுக்கு. அந்தப் பகுதியில் கூரை மூடாத இடம் இருந்தால் அதற்கு மேலேயும் வலை போட்டுவிடுவேன். பழைய முயல் பெட்டி ஒன்று கிடக்கிறது. அதைத் தரையோடு வைத்தால் இரவுக்குப் போதும், மேலிருந்து எச்சமும் விழாது.

இரண்டு போலிஷ், இரண்டு சில்கி. இதில் ஒரு சந்தேகம்: எந்த வயதில் வாங்கினால் சேவல் வந்து மாட்டாது?


பழைய கூண்டு:

போலிஷை எட்டு வாரத்துக்கு மேல், முடிந்தால் பத்து வாரத்தில் வாங்குங்கள். பெட்டையின் கொண்டை பந்துபோல் உருண்டு, இறகு நுனி வட்டமாக இருக்கும். சேவல் கொண்டையின் இறகுகள் நீண்டு, நுனி கூராகி, நடு வகிடு எடுத்ததுபோல் இருபுறமும் விழத் தொடங்கும். பல குஞ்சுகளை ஒன்றாக நிற்கவைத்துப் பார்த்தால் வேறுபாடு சட்டென்று தெரியும், ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள்.

சில்கியைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள்.


பஞ்சுப்பந்து:

சில்கியில் ஐந்தாறு மாதம் வரை நானே ஏமாந்திருக்கிறேன். அழகான பெண் பெயர் வைத்து வளர்த்தவள் ஆறாம் மாதம் விடியற்காலையில் கூவினாள். முட்டையிடத் தொடங்கிய பெட்டையாக வாங்குங்கள். குஞ்சுக்கு ஆசைப்பட வேண்டாம். எந்த வயதில் வாங்கினாலும் ஒரு மாதம் தனியாக வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றின் பக்கம் கொண்டுவாருங்கள்.


வேலியோரம்:

நடுத்தடுப்பை நேற்றே கட்டிவிட்டேன். கோழிகள் வர இன்னும் நாள் இருக்கிறது. செம்பழுப்பி தடுப்பின் இந்தப் பக்கம் நின்று, காலியாக இருக்கும் அந்தப் பக்கத்தை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.


பழைய கூண்டு:

தடுப்பு வலையின் கண் எவ்வளவு?


வேலியோரம்:

இப்போதுதான் அளந்து பார்த்தேன், ஐயா. இரண்டு அங்குலம். அவள் தலை தாராளமாக நுழைகிறது. நாளை அவிழ்த்துவிட்டு அரை அங்குல வலை போடுகிறேன்.